மொத சைக்கிள்ல ஏழு ஊசி, இப்ப ஒரே ஊசி, ஏன்?

கேள்வி, 4 ஜூன், இரவு 10.12

அம்மாவுக்கு மார்புல கேன்சர், கீமோ போய்ட்டிருக்கு. மொத சைக்கிள் முடிஞ்சதும் வெள்ளணு ஏத்துற ஊசின்னு ஏழு நாளு தினம் ஒன்னு குடுத்தாங்க, நாந்தான் தோட்டத்து வீட்டுல ஐஸ்பெட்டில வச்சு போட்டேன். இப்ப ரெண்டாவது சைக்கிள், முந்தாநாளு கீமோ, நேத்து ஒரே ஒரு ஊசி போட்டு மூனு வாரத்துக்கும் இது போதும்னு அனுப்பிட்டாங்க. காசு மிச்சம் புடிக்கிறாங்களா? இன்னொன்னு, அந்த ஊசிக்குள்ள வெள்ளணுதான் இருக்கான்னு கேட்டேன், நர்ஸ் மிசி, இல்ல, அது ஒரு தகவல் மாதிரின்னாங்க. தகவல எப்படி ஊசில ஏத்துறது? இங்க லேப்ல வேல செஞ்சவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க.

4 ஜூன், இரவு 11.05

33 வருஷம் லேப்ல இருந்தேன், இப்ப ரிட்டையர் ஆகி சுங்கை சிப்புட்ல இருக்கேன், அதனால நானே சொல்றேன். தம்பி, உங்கள யாரும் ஏமாத்தல. மொத தடவ போட்டது ஃபில்கிராஸ்டிம், இப்ப போட்டது பெக்ஃபில்கிராஸ்டிமா இருக்கும், டப்பாவ பாருங்க, 6 மில்லிகிராம்னு போட்டிருந்தா அதேதான். ஒன்னு போதும்ங்கறதுக்கு நல்ல காரணம் இருக்கு ஆனா அத சொல்ல கொஞ்சம் சுத்திதான் வரணும்.

ஊசில வெள்ளணு கிடையாது. நம்ம ஒடம்பே செய்யிற ஒரு புரோட்டீன், பேரு ஜி-சிஎஸ்எஃப், அதத்தான் கம்பெனில பாக்டீரியாவ வச்சு செஞ்சு குடுக்குறாங்க. ஒரு செல்லு இன்னொரு செல்லுக்கு அனுப்புற இந்த மாதிரி புரோட்டீனுக்கெல்லாம் சைட்டோகைன்னு பேரு. மிசி சொன்னது சரியான வார்த்த. தகவல்னா எழுத்தோ சத்தமோ இல்ல, ஒரு உருவம். அந்த உருவம் வந்து உக்கார்றதுக்கு செல்லு மேல ஒரு எடம் இருக்கணும், அதுதான் ரிசெப்டர். ரிசெப்டர் இல்லாத செல்லு மேல இந்த மருந்த எவ்ளோ ஊத்துனாலும் ஒன்னும் ஆகாது.

எங்கப்பா ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுனவரு. விடிய முன்ன மணி அடிப்பாங்க, எல்லாரும் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்க, வந்து நிக்கணும், வேல வாங்குற மண்டோர் பேரு கூப்புடுவாரு. மணி சத்தம் லயத்துல எல்லா வீட்டுக்கும் கேக்கும், ஆனா எழுந்து ஓடுறது பேரு பதிஞ்ச ஆளுங்க மட்டும்தான், கைப்புள்ள அந்த சத்தத்துல தூங்கிக்கிட்டேதான் கெடக்கும். ஜி-சிஎஸ்எஃப் அந்த மணி. எலும்பு மஜ்ஜைல இருக்குற, நியூட்ரோபில்ங்கற வெள்ளணுவோட குட்டிங்கதான் பேரு பதிஞ்ச ஆளுங்க. பூட்டும் சாவியும்னு வச்சுக்கங்க.

4 ஜூன், இரவு 11.31

மறந்துட்டேன், இதுதான் மொதல்ல சொல்லியிருக்கணும். வீட்டுல தெர்மாமீட்டர் வைங்க. 38 தாண்டுனா ராத்திரி ரெண்டு மணின்னாலும் எமர்ஜென்சிக்கு போங்க. காய்ச்சல் பாக்காம பனடோல் குடுக்காதீங்க, அது சூட்ட எறக்கி மறச்சிரும். வெள்ளணு கொறஞ்ச ஒடம்புல சீழ் கூட புடிக்காது, காய்ச்சல் ஒன்னுதான் நமக்கு தெரியிற அடையாளம்.

5 ஜூன், காலை 5.50

பூட்டு சாவின்னு சொல்லிட்டு படுத்தேன், மனசு ஒத்துக்கல. எல்லா பாடப்புத்தகத்துலயும் அப்படித்தான் இருக்கு, அதுக்காக அது சரின்னு ஆயிராது. சாவி போட்டா பூட்டு தொறக்கும், கதவு தொறக்கும், உள்ள போகலாம். இங்க கதவே தொறக்கல, ஜி-சிஎஸ்எஃப் தகவல் சொல்ல செல்லுக்குள்ள போறதும் இல்ல, வெளியவேதான் நிக்குது. பின்ன உள்ள எப்படி தெரியுது?

ரிசெப்டர் ஒரு நீட்டு புரோட்டீன், செல்லு தோல ஒரே ஒரு தடவ துளச்சிக்கிட்டு பாதி வெளிய பாதி உள்ள நிக்கும். உள்ள இருக்குற வாலுக்குன்னு சொந்தமா எந்த வேலையும் செய்ய தெரியாது, அதாவது அது ஒரு என்சைம் இல்ல. ஆனா வாலோட மேல்பக்கம், தோலுக்கு பக்கத்துலயே, ஜேக்னு ஒரு என்சைம் ஒட்டிக்கிட்டு இருக்கும், வேல இல்லாம சும்மா. ஜி-சிஎஸ்எஃப் வந்து என்ன செய்யுதுன்னா ரெண்டு ரிசெப்டர சேத்து புடிச்சு கட்டுது. ரெண்டு ஜி-சிஎஸ்எஃப், ரெண்டு ரிசெப்டர், குறுக்கும் நெடுக்குமா. வெளிய ரெண்டும் சேந்ததும் உள்ள ரெண்டு ஜேக்கும் கிட்ட வந்துருது, ஒன்ன ஒன்னு பாஸ்பேட் போட்டு தட்டி எழுப்பி விட்டுக்குது. அவ்ளோதாங்க தகவல்! தூரமா இருந்த ரெண்டு ஆளு பக்கத்துல வந்து நின்னது.

எழுந்த ஜேக் ரெண்டும் அந்த வால்ல டைரோசின்னு சில எடங்கள்ல பாஸ்பேட்ட குத்துது. குத்துன எடம் இப்ப கொக்கி மாதிரி. ஸ்டாட்னு இன்னொரு புரோட்டீன், செல்லுக்குள்ள தண்ணில மெதந்துக்கிட்டு இருக்கறது, வந்து அந்த கொக்கில மாட்டும், அதுக்கும் ஜேக் ஒரு பாஸ்பேட் வைக்கும், ரெண்டு ஸ்டாட் ஜோடி சேந்துக்கிட்டு நேரா நியூக்ளியஸுக்குள்ள போய் டிஎன்ஏல உக்காந்து இன்ன ஜீன போடு, இன்னத நிறுத்துன்னு சொல்லும். ஜி-சிஎஸ்எஃபுக்கு பெரும்பாலும் ஸ்டாட்3, கூட ஸ்டாட்5. இவ்ளோ வேலையும் சில நிமிஷத்துல ஆரம்பிச்சிரும், நீங்க அம்மாவுக்கு ஊசி போட்டு பஞ்ச வச்சு அமுத்திட்டு கோப்பி கலக்குற நேரம்.

எனக்கு இதுல புடிச்ச விஷயம், நடுவுல ஆபீஸ் கிடையாது. தோல்லருந்து டிஎன்ஏ வரைக்கும் மூனே கை மாத்துது. இன்சுலின் மாதிரி மத்த ரிசெப்டருக்கெல்லாம் எத்தன படி!

5 ஜூன், மதியம் 1.20

ஜேக்னா என்ன பேருன்னு கேட்டிருக்காங்க. 1980கள் கடைசில என்சைம் ஒவ்வொன்னா கண்டுபுடிச்சு குவிஞ்சுக்கிட்டே இருந்த காலம், இதுவும் வழக்கமா வர்ற இன்னொரு கைனேஸ்தான் (பாஸ்பேட் வைக்கிற என்சைமுக்கு அதான் பேரு)ங்கற அர்த்தத்துல ஆங்கிலத்துல சுருக்கி வச்ச பேரு ஜேக். அப்புறம்தான் ரோமானியங்களோட ரெண்டு மூஞ்சி வாசல் சாமி ஜானஸ் பேர வச்சாங்க. அதுக்கு காரணம் உண்டு, இந்த என்சைம்ல ஒரே மாதிரி ரெண்டு துண்டு இருக்கு, ஒன்னு வேல செய்யும், இன்னொன்னு மொதலாவத அடக்கி வைக்கும். வாசல்ல நிக்கிற சாமிங்கறதும் பொருத்தமாத்தான் இருக்கு. மொத்தம் நாலு ஜேக்: 1, 2, 3, அப்புறம் டிக்2. ஸ்டாட் ஏழு.

பேரு வச்சது மெல்பர்ன்ல, ஆண்ட்ரூ வில்க்ஸ். அதே மெல்பர்ன்லதான் டொனால்ட் மெட்காஃப் இந்த ஜி-சிஎஸ்எஃப் வகைய தேடி கண்டுபுடிச்சாரு. 1960கள்ல ஆரம்பிச்சாரு, அகர் ஜெல்லில மஜ்ஜை செல்ல வளத்து, எந்த தட்டுல கூட்டம் கூட்டமா வளருது எதுல வளரலன்னு மைக்ரோஸ்கோப்புல எண்ணிக்கிட்டே இருந்தாரு. எண்ணுறது எப்படி இருக்கும்னு எனக்கு தெரியும். ஒரு நாளைக்கு நாப்பது ஸ்லைடு எண்ணுனா கண்ண மூடுனாலும் செல்லுதான் தெரியும். அவரு 2014ல சாகுற வருஷம் வரைக்கும் எண்ணுனாரு. ஃபில்கிராஸ்டிம் அமெரிக்காவுல 1991ல அனுமதி வாங்குச்சு.

6 ஜூன், இரவு 8.45

ஒரு மிசி தங்கச்சி என்ன திருத்தியிருக்காங்க, நியாயம்தான். நேத்து எழுதுனத படிச்சா எல்லா சைட்டோகைனும் ஜேக் வழியாத்தான் போகுதுன்னு தோணும். இல்ல. வெள்ளணு மேல பல ரிசெப்டர் குடும்பம் இருக்கு. ஜி-சிஎஸ்எஃப், ஐஎல்-2, ஐஎல்-6, இன்டர்ஃபெரான் இதெல்லாம் ஜேக்க நம்பி இருக்கறது. டிஎன்எஃப்னு இன்னொரு சைட்டோகைன் அப்படி இல்ல, அது மூனு பேரா சேந்த ஒரு முக்கோணம், மூனு ரிசெப்டர ஒன்னா இழுக்கும், உள்ள ஜேக் கிடையாது வேற ஆளுங்க. ஐஎல்-1 ரிசெப்டர் இன்னொரு ஜாதி. கீமோகைன்னு வழி காட்டுற சைட்டோகைன் இருக்கு, அதோட ரிசெப்டர் தோல ஏழு தடவ உள்ள வெளியன்னு தச்சிருக்கும். ஜேக்க அடக்குற மாத்திர, டோஃபாசிடினிப் மாதிரி, மூட்டு வாதத்துக்கு குடுக்குறாங்கள்ல, அது ஒரு மாத்திரைல பல சைட்டோகைன் காத அடைக்கும். அதனாலதான் அதுல அக்கி வர்ற ரிஸ்க் கூடுது, இன்டர்ஃபெரானும் அதே ஜேக்க நம்பித்தான் இருக்கு.

ஒரு துண்டு கொறஞ்சா என்ன ஆகும்னு இன்னொருத்தர் கேட்டாரு. காமா செயின்னு ஒரு ரிசெப்டர் துண்டு, ஐஎல்-2, 4, 7, 9, 15, 21 ஆறு பேருக்கும் பொதுவான துண்டு. அந்த ஜீன் எக்ஸ் குரோமோசோம்ல இருக்கறதால அது கெட்டா அனேகமா ஆம்பளப் புள்ளைங்கதான் மாட்டிக்கும். டி செல்லுங்கற வெள்ளணுவே உருவாகாது. அமெரிக்காவுல டேவிட் வெட்டர்னு ஒரு பையன், 1971ல பொறந்து 1984ல செத்தான், அந்த பன்னெண்டு வருஷத்துல கிட்டத்தட்ட எல்லாமே பிளாஸ்டிக் கூண்டுக்குள்ளதான். அவன் செத்து ஒம்பது வருஷம் கழிச்சு, 1993லதான், இந்த காமா செயின்தான் காரணம்னு தெரிஞ்சுச்சு. இத எழுதும்போதே கை நிக்குது. ஒரு ரிசெப்டரோட ஒரு துண்டு.

8 ஜூன், இரவு 9.15

தம்பி, அம்மாவுக்கு இடுப்பும் முதுகும் வலிக்குது, எலும்புக்கு பரவிருச்சான்னு அழுவுறாங்கன்னு எழுதியிருக்கீங்க. இத படிச்சதும் நான் எழுந்து போய் கொஞ்ச நேரம் வாசல்ல உக்காந்துட்டு வந்தேன்.

எங்க அக்காவுக்கும் இதே நோய். பல வருஷம் ஆச்சு. தினம் ஒரு ஊசி காலம். நான்தான் போடுவேன், அவ வயித்த புடிச்சுக்கிட்டு மொகத்த திருப்பிக்குவா. நாலாவது நாளு ராத்திரி இடுப்புல இடிக்குது இடிக்குதுன்னு கத்துனா. இடிக்குதுங்கற அந்த வார்த்த இன்னும் காதுல இருக்கு, நாடி துடிக்கிற மாதிரி உள்ளருந்து இடிச்சுச்சாம். நான் லேப்ல வேல செய்யிறவ, எனக்கே அது பரவுன வலின்னுதான் தோணுச்சு, அவகிட்ட சொல்லல, கட்டில் ஓரத்துல உக்காந்து விடியிற வரைக்கும் கோடாலித் தைலம் தேச்சேன். காலைல போன் பண்ணி கேட்டதும் ஊசிக்கு அப்படித்தான் வரும், சொல்லலையான்னு கேட்டாங்க. யாரும் சொல்லல! மருந்து குடுத்த எடத்துல ஒரு வரி சொல்லியிருந்தா அந்த ஒரு ராத்திரி எங்களுக்கு மிச்சமாகியிருக்கும். அந்த கோவம் எனக்கு இன்னும் இருக்கு, அதனாலதான் இங்க உக்காந்து இவ்ளோ எழுதுறேன்.

அம்மாகிட்ட சொல்லுங்க: இடுப்பெலும்பு, முதுகெலும்பு, நெஞ்செலும்பு, பெரியவங்களுக்கு மஜ்ஜை ஓடிக்கிட்டு இருக்குற எடம் இதுங்கதான். ஊசி போய் மணி அடிச்சிருக்கு, உள்ள ஆளுங்க எழுந்து வேலைக்கு வர்றாங்க, அந்த நெரிசல்தான் வலி. ரெண்டு மூனு நாள்ல எறங்கிரும். வலிக்கு பனடோல் குடுக்கலாம், ஆனா முன்ன சொன்ன மாதிரி மொதல்ல காய்ச்சல் பாத்துட்டு. எறங்காட்டி டாக்டர கேளுங்க. எடது பக்கம் விலாவுக்கு கீழ திடீர்னு வலிச்சா மட்டும் காத்திருக்காதீங்க, அது மண்ணீரலா இருக்கலாம், ஒடனே போங்க.

8 ஜூன், இரவு 9.50

நெரிசல்னு எழுதுனதும் ஒன்னு ஞாபகம் வந்துச்சு. வேலைக்கு சேந்த புதுசுல ஒரு ஸ்லைடு பாத்தேன், நியூட்ரோபில் எல்லாம் பாதி பழுத்த மாதிரி, நியூக்ளியஸ் இன்னும் பட்டையா வளஞ்சு கெடக்கு, உள்ள கருங்குருண கருங்குருணையா, நீல திட்டு வேற. இதெல்லாம் பயங்கர இன்ஃபெக்ஷனோட அடையாளம். ஓடிப்போய் பெரியவர கூப்புட்டேன். அவரு ஃபார்ம திருப்பி திருப்பி பாத்தாரு, ஒன்னும் எழுதல, வார்டுக்கு போன் அடிச்சா ஆளு நல்லா உக்காந்து சோறு சாப்புட்டுக்கிட்டு இருக்காரு, ஜி-சிஎஸ்எஃப் ஊசி ஓடுதாம். மணி சத்தமா அடிச்சதால அரைகொற தூக்கத்துல எழுந்து வந்த பசங்க. செல்லுக்கு கிருமி அடிச்ச மணியா ஊசி அடிச்ச மணியான்னு தெரியாது, அதே ரிசெப்டர், அதே ஸ்டாட்.

10 ஜூன், காலை 6.30

இப்ப உங்க மொத கேள்வி. ஏன் அப்ப ஏழு, இப்ப ஒன்னு.

இதுக்கு நான் குடுத்த மணி உதாரணத்தயே பாதி தூக்கி போடணும். மணி சத்தத்த நூறு பேரு கேட்டாலும் சத்தம் தீராது. ஜி-சிஎஸ்எஃப் தீரும். ரிசெப்டர்ல உக்காந்த மருந்த அந்த செல்லு ரிசெப்டரோட சேத்து உள்ள இழுத்து கரைச்சிரும். கேக்குறதுன்னாலே குடிக்கிறதுதான். அதனால மணிய விட மங்கு, ரப்பர் பால் புடிக்கிற கிண்ணம், நல்ல உதாரணம்: மரத்துல வடியிற பாலு மங்குல விழுந்துச்சுன்னா அது மரத்துல இல்ல, போச்சு. ஒரு நியூட்ரோபில் மேல இந்த ரிசெப்டர் சில நூறுதான் இருக்கும். ஆனா நம்ம ஒடம்பு ஒரு நாளைக்கு செய்யிற நியூட்ரோபில் பத்தாயிரம் கோடி, அவ்ளோவும் மங்கு தூக்கிக்கிட்டு நிக்குது.

இப்ப யோசிச்சு பாருங்க. கீமோவால நியூட்ரோபில் செத்து கொறஞ்சா மங்கு கொறயும், மருந்து ரத்தத்துல மிஞ்சி நிக்கும், மஜ்ஜைக்கு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். ஆளு பெருகி வெளிய வந்தாங்கன்னா அவங்களே மருந்த குடிச்சு தீத்துருவாங்க, மணி தானா நிக்கும். யாரும் எண்ணிப்பாத்து நிறுத்த வேணாம்.

அப்ப ஃபில்கிராஸ்டிம ஏன் தினம் போட்டோம்? அது சின்ன மூலக்கூறு, அதுக்கு போறதுக்கு ரெண்டு வழி, ஒன்னு நியூட்ரோபில், இன்னொன்னு கிட்னி. கிட்னி அத வடிச்சு தள்ளிக்கிட்டே இருக்கும், மூன்ற மணி நேரத்துல ரத்தத்துல பாதி காணோம். தொட்டி அடில ஓட்ட இருக்கற மாதிரி, தினம் ஊத்தணும். பெக்ஃபில்கிராஸ்டிம்ல அதே புரோட்டீன்ல பெக்னு ஒரு நீட்டு வாலு கட்டி விட்டிருக்காங்க, உருவம் பெருசாயிருச்சு, கிட்னி வழியா போக முடியாது. ஓட்டய அடச்சாச்சு. மிச்சம் ஒரே வழி, நியூட்ரோபில் குடிக்கணும். அம்மா ஒடம்புல இப்ப குடிக்க ஆளு இல்ல, மருந்து காத்துக்கிட்டு இருக்கு. ஆளு வந்ததும் குடிச்சு முடிச்சிருவாங்க.

அம்மாவோட வெள்ளணுதான் அந்த ஊசியோட அளவ முடிவு பண்ணுது. முப்பது வருஷமா எஃப்பிசி, அதாவது ரத்த அணு எண்ணுற டெஸ்ட், ஓட்டுன எனக்கு இத மொதல்ல படிச்சப்ப ரிசெப்டர் மேல இருந்த எண்ணமே மாறிப்போச்சு. காதுன்னு நெனச்சது வாயும்தான்.

10 ஜூன், மாலை 5.05

கீமோ அன்னிக்கே ஊசியும் போட்டுட்டா இன்னொரு தடவ பஸ் ஏற வேணாமேன்னு ஒரு அண்ணன் கேக்குறாரு. கூடாது, 24 மணி நேரமாவது போகணும். கீமோ அடிக்கிறது பிரியிற செல்ல. ஊசி மஜ்ஜை செல்ல பிரி பிரின்னு சொல்றது. ரெண்டும் ஒன்னா இருந்தா எழுப்பி விட்டு அடி வாங்க வைக்கிற மாதிரி ஆயிரும். அடுத்த கீமோவுக்கு முன்ன 14 நாளுக்குள்ள பெக் போடக்கூடாதுங்கறதும் இதே கணக்குதான்.

13 ஜூன், இரவு 10.40

மணி தானா நிக்கும்னு எழுதுனது பாதிதான். குடிச்சு தீக்கறது மட்டும் போதாது, செல்லுக்குள்ளயும் நிறுத்துற ஆளு இருக்கான். ஸ்டாட்3 போய் போடுற ஜீன்ல ஒன்னு சாக்ஸ்3. அதுலருந்து வர்ற புரோட்டீன் அதே ரிசெப்டர் வால்ல உக்காந்து ஜேக்க அடக்கும். போதும்னு சொல்ற ஆள அந்த சத்தமே கூட்டிட்டு வருது.

அந்த வாலு எவ்ளோ முக்கியம்னு ஒரு நோய்ல தெரியும். பொறவியிலயே நியூட்ரோபில் இல்லாத புள்ளைங்க இருக்காங்க, ஜி-சிஎஸ்எஃப் ஊசிலதான் உயிர் ஓடுது. அதுல சில பேருக்கு மஜ்ஜைல இந்த ரிசெப்டரோட வாலு அறுந்து போற மாதிரி ஜீன் மாறும். நிறுத்துற எடம், உள்ள இழுக்குற எடம் ரெண்டும் வால் நுனிலதான் இருக்கு. வாலு போனா ரிசெப்டர் உள்ள போகாம வெளியவே நின்னு கத்திக்கிட்டே இருக்கும், அந்த செல்லு மத்தத விட வேகமா பெருகும், லுகேமியா பக்கம் போற ரிஸ்க் கூடும். அதனால அவங்களுக்கு மஜ்ஜைய அடிக்கடி பாப்பாங்க. தம்பி, இது அந்த பொறவி நோய் உள்ளவங்க கத, இத படிச்சுட்டு அம்மா ஊசிய நெனச்சு பயப்படாதீங்க, சந்தேகம் இருந்தா ஆன்காலஜிஸ்ட கேளுங்க.

15 ஜூன், மாலை 6.10

பப்பாளி எல சாறு குடுக்கலாமான்னு மூனு பேரு. டெங்கிக்கு நம்ம ஊர்ல எல்லாரும் அரைக்கிறதுதான், தெரியும். கீமோல இருக்கறவங்களுக்கு பச்ச எலய அரைச்சு அப்படியே குடுக்காதீங்க, வெள்ளணு கொறஞ்சிருக்கும்போது எலல இருக்குற கிருமியே ஆபத்து. அது ஜி-சிஎஸ்எஃப் செய்யிற வேலைய செய்யாது.

டெங்கின்னதும் கொசு, கொசுன்னதும் மலேரியா. எங்க பாட்டி காலத்துல தோட்டத்துல மலேரியால செத்த நம்ம ஜனத்துக்கு கணக்கு யாரு வச்சா. 1901ல மால்கம் வாட்சன்னு ஒரு டாக்டர் மலாயாவுல கிள்ளான்ல கால்வா வெட்டி தண்ணிய வடிச்சு கொசுவ அடக்குனது சரித்திரத்துல இருக்கு, அந்த கால்வா வெட்டுன கையி யாரோடதுன்னு நமக்கு தெரியும்.

இது வேற பேச்சுன்னு நெனக்காதீங்க. வைவாக்ஸ்னு ஒரு மலேரியா சிவப்பணுக்குள்ள நொழைய புடிக்கிற பிடி டஃபின்னு ஒரு புரோட்டீன். அது யாருன்னா ஒரு கீமோகைன் ரிசெப்டர். ஏழு தடவ தச்ச அதே வடிவம், கீமோகைன புடிக்கும், ஆனா உள்ள வழக்கமான தகவல் ஒன்னும் போகாது. வெறும் மங்கு. ரத்தத்துல ஓடுற கீமோகைன புடிச்சு வச்சுக்கறது அதோட வேல. மேற்கு ஆப்பிரிக்கா ஜனங்கள்ல அனேகம் பேருக்கு சிவப்பணு மேல இது இல்ல, வைவாக்ஸ் அவங்கள பெரும்பாலும் அண்டாது. நமக்கெல்லாம் இருக்கு. அதோட டஃபி இல்லாதவங்களுக்கு நியூட்ரோபில் எண்ணிக்கையும் பொதுவா கொஞ்சம் கம்மியா இருக்கும், நோய் இல்ல, அவங்களுக்கு அதுதான் நார்மல்.

19 ஜூன், இரவு 8.20

தம்பி ரிப்போர்ட் போட்டிருக்காரு: 11ஆம் தேதி நியூட்ரோபில் 0.9, இன்னிக்கி 4.6. காய்ச்சல் வரல. எனக்கு எவ்ளோ சந்தோஷம்னு எழுத தெரியல. அக்காவுக்கு அப்ப 0.3ல ரெண்டு வாரம் வார்டுல கெடந்தா.

அம்மாவுக்கு புரியற மாதிரி சொன்னேன், மங்கு கதைய சொன்னேன், அவங்களும் பால் வெட்டுனவங்கதான், அப்ப என் ரத்தமே மருந்த குடிச்சிருச்சான்னு கேட்டு சிரிச்சாங்கன்னு எழுதியிருக்கீங்க. ஆமா, குடிச்சிருச்சு. அவங்களுக்கு வேற விளக்கமே வேணாம்.

அடுத்த கீமோ 23ன்னா ஒன்னு செய்யுங்க. ரத்தம் எடுக்கும்போது, வயலட் மூடி டியூப்பு, அந்த ஃபார்ம்ல ஜி-சிஎஸ்எஃப் ஊசி போட்ட தேதிய எழுத சொல்லுங்க. எழுதலன்னா நீங்களே பேனா வாங்கி எழுதுங்க. அந்தப்பக்கம் மைக்ரோஸ்கோப்புல ஒரு புது புள்ள உக்காந்திருக்கும்.

19 ஜூன், இரவு 8.34

ஐஸ்பெட்டின்னு சொன்னீங்க. 2லருந்து 8 டிகிரி. ஃப்ரீசர் தட்டுல வைக்காதீங்க, கதவுலயும் வைக்காதீங்க, நடுத்தட்டு.